நகைச்சுவை எழுதுகிறவருக்கு சென்னையில் இடம் எங்கே? சபா, பத்திரிகை, ஓப்பன் மைக்

அம்பத்தூர்_53

வணக்கம். எனக்கு 27 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருஷமாக ஆழ்வார்ப்பேட்டை, அடையாறு பக்கம் நடக்கும் ஓப்பன் மைக்குகளில், அதாவது யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சில நிமிஷம் பேசலாம் என்கிற நிகழ்ச்சிகளில், தமிழில் நகைச்சுவை பேசி வருகிறேன். நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுகிறேன். இரண்டு அச்சில் வந்திருக்கின்றன.

போன மாதம் ஒரு ஓப்பன் மைக் முடிந்ததும் அதை நடத்துகிறவர், "நீங்க எழுதினதைப் படிக்கிற மாதிரி இருக்கு, பேசுங்க" என்றார். சரி, திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதே வாரம் ஒரு இலக்கியக் கூட்டத்தில் என் கட்டுரை ஒன்றை வாசித்தேன். 40 பேர் இருந்திருப்பார்கள். நன்றாகச் சிரித்தார்கள். தலைமை வகித்தவர், "கொஞ்சம் இளைப்பாறினோம், இனி இலக்கியத்துக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

ஓப்பன் மைக்கில் என்னிடம் எழுத்து அதிகம், இலக்கியக் கூட்டத்தில் சிரிப்பு அதிகம். கல்கியும் தேவனும் எழுதிய ஊர் இது. இதற்கு முன்னால் இந்த ஊரில் நகைச்சுவை எழுதியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை நம்பி எழுதினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மேற்குமாம்பலம்_33

அம்மா, நான் 1981-லிருந்து 1996 வரை அமெச்சூர் குழுக்களுக்கு நாடகம் எழுதியவன். மொத்தம் ஏழு முழுநீள நாடகங்கள். பகலில் வங்கி வேலை. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்தக் காலத்தில் மேடைக்கு எழுதியவர்களில் எழுத்தை மட்டும் நம்பி இருந்தவர்கள் மிகக் குறைவு. சோ வழக்கறிஞர். கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-இல் எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு எழுதினார், 1979-இல் சொந்தக் குழு தொடங்கினார், சினிமா அதற்குப் பின்னால்தான் வந்தது. பத்திரிகைப் பக்கம் பார்த்தால் 'கடுகு' என்ற பெயரில் எழுதியவர் அஞ்சல் துறைக்காரர். பாக்கியம் ராமசாமி, அதாவது ஜ.ரா.சுந்தரேசன், குமுதத்திலேயே உதவி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டுதான் அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் எழுதினார். உங்கள் கணக்குப் பிரிவு வேலையை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள். வாடகையைச் சம்பளம் பார்த்துக்கொண்டால்தான் எழுத்துக்கு நீங்கள் நேர்மையாக இருக்க முடியும்.

சபா எப்படி நடந்தது என்பதை இப்போதுள்ளவர்களுக்கு விளக்க வேண்டும். உறுப்பினர்கள் வருஷச் சந்தா கட்டுவார்கள். அதற்குப் பதிலாக சபா மாதம் ஓரிரு நிகழ்ச்சிகள் தரும், அதில் ஒன்று நாடகமாக இருக்கும். குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை. செட், லைட், மைக், மேக்கப், சாமான் ஏற்றிப்போகும் வேன் எல்லாம் அதற்குள். நடிகர்களுக்குப் போக்குவரத்துக் காசும் ராத்திரி டிபனும் மிஞ்சினால் நல்ல நாள். எழுதியவருக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று சில குழுக்கள் தந்தன, சில தரவில்லை. ஒரே நாடகம் வாணி மகால், நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிருஷ்ண கான சபா, நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று ஊரெல்லாம் சுற்றும்.

அந்தச் சுற்றில்தான் நான் எழுதக் கற்றேன். ஒவ்வொரு காட்சிக்கும் கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவேன். மடியில் பிரதி, கையில் பென்சில். சிரிப்பு வந்த வசனத்துக்குப் பக்கத்தில் அலைக்கோடு, கைதட்டல் வந்தால் இரட்டைக்கோடு, ஒன்றும் வராவிட்டால் சுழி. மூன்று காட்சி தொடர்ந்து சுழி விழுந்தால் அந்த வசனத்தை எடுத்துவிடுவேன். சில சமயம் வசனத்தில் குற்றமே இருக்காது. முந்தைய சிரிப்பு அடங்குவதற்குள் நடிகர் பேசிவிட்டிருப்பார், சபையின் காதில் அது விழுந்தே இருக்காது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கும்போது, முழுதாக அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த வசனம் விழ வேண்டும். அதனால் எழுதும்போதே சிரிப்புக்குப் பின்னால் முக்கியமில்லாத இரண்டு சொல் போட்டு வைப்பேன். "அது கிடக்கட்டும்", "நான் என்ன சொல்றேன்னா" மாதிரி. சபை சிரித்து முடிக்கும் வரை அந்தச் சொற்கள் வீணாகலாம். கதைக்கு வேண்டிய சொல் அதற்குப் பிறகு வரும். இருபதாவது காட்சியில் கையில் இருக்கும் பிரதி, முதல் காட்சியின் பிரதியே இல்லை. 3,000 பேர் சேர்ந்து திருத்திக்கொடுத்த பிரதி அது.

இளைப்பாறுவதற்காக அந்த உழைப்பு நடக்கவில்லை அம்மா. அந்தத் தலைவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோட்டூர்புரம்_வாசகர்

மேற்குமாம்பலம் சார் சொன்ன தொழில் நுணுக்கம் அருமை. ஆனாலும் எதிர்த்தரப்பை யாராவது நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நான் முப்பது வருஷமாக இலக்கியம் வாசிக்கிறவன், சபா நாடகங்களும் நிறையப் பார்த்தவன். பார்த்த அன்றைக்குச் சிரித்தேன், ஒரு வாரம் கழித்து எதுவும் நினைவில் இல்லை. சொல்லை உடைத்து, அதே ஓசையில் வேறு அர்த்தம் வைக்கும் சிலேடை அந்த நொடிக்கு வேலை செய்கிறது. ஆனால் யாருடைய வாழ்க்கை அதில் தெரிகிறது? பெரும்பாலும் ஒரே வீட்டுக் கூடம், அதே சோபா, அதே மாமா, மாமி, வேலைக்காரர். நகரத்தின் முக்கால்வாசி அந்தக் கூடத்துக்குள் வந்ததே இல்லை.

அசோகமித்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். இதே தி.நகரில் வாழ்ந்தவர், ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அவர் எழுத்தில் சத்தமாகச் சிரிக்க வைக்கும் இடம் குறைவு. ஆனால் ரேஷன் வரிசையில் நிற்கிற ஒருவரைப் பற்றிய ஒரு வாக்கியம் பல வருஷம் கூடவே வரும். மறுபடி படிக்க முடிவதுதான் என்னைப் பொறுத்தவரை இலக்கியம். புதுமைப்பித்தனும் அப்படித்தான். நகைச்சுவை ஒரு படைப்புக்குள் உப்பு மாதிரி இருக்கலாம். உப்பையே ஒரு கிண்ணம் வைத்தால் சாப்பிட முடியாது. இதை யாரையும் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணி_5

நான் நாடகமோ கதையோ எழுதியதில்லை. துணுக்கு எழுதுகிறவன். 1980-களில் 15 பைசா அஞ்சல் அட்டைதான் என் மேடை. ஒரு அட்டைக்கு ஒரு ஜோக். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டை போவதும் உண்டு. எனக்கு அப்போது பிராட்வேயில் இரும்புக் கடையில் குமாஸ்தா வேலை. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் எழுதுவேன்.

டாக்டர் ஜோக், மன்னர் ஜோக், தலைவர் ஜோக், நீதிபதி ஜோக் என்று வகைகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். எழுதுகிறவருக்குத் தெரியும், இரண்டே வசனத்துக்குள் ஆள் யார், இடம் எது, சிக்கல் என்ன என்று வாசகருக்குப் புரிந்துவிட வேண்டும். ஓவியர் படம் போடுவார் என்பதால் இடத்தைச் சொல்லத் தேவையில்லை. மாலி, கோபுலு காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. கோபுலு பேச்சே இல்லாமல் படத்தாலேயே சிரிக்க வைத்தவர். என் ஜோக்குக்கு முதல்முதலாகப் படம் போட்டு வந்தபோது, மன்னரின் முகத்தில் நான் எழுதாத ஒரு பயத்தை ஓவியர் கொண்டுவந்திருந்தார். என் ஜோக்கே அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சன்மானம் மணியார்டரில் வரும். தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். ஜோக்கின் அடியில் பெயர், பக்கத்தில் சென்னை-5. அந்த ஒரு வரிதான் எங்கள் சொத்து. பின்னாளில் என் ஜோக்குகள் இரண்டை சினிமாவில் கேட்டேன். இப்போது மீமாகவும் வருகின்றன. பெயர் போய்விட்டது. காசு வரவில்லை என்பதில் வருத்தமில்லை, பெயர் போனதில் வருத்தம் இருக்கிறது.

வாசகர் சார் சொன்ன உப்பு உவமை எனக்கு ஒப்பவில்லை. குறள் இரண்டு அடிதானே? சின்னது என்பதால் ஒன்று குறைந்ததாகிவிடாது.

வளசரவாக்கம்_87

பெயர் போவது பற்றி நானும் சொல்ல வேண்டும். சினிமாவில் காமெடி டிஸ்கஷனுக்குப் போகிறவன் நான். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு ஃபிளாட் எடுத்திருப்பார்கள். காலையில் பத்து மணிக்கு ஆறு பேர் உட்காருவோம். யார் எந்த வரியைச் சொன்னார் என்பது மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும். நாள் பேட்டா கிடைக்கும். டைட்டில் கார்டில் பெயர் வருமா என்பது படம் வெளியாகும் அன்றைக்குத்தான் தெரியும். ஒரு படத்துக்கு ஐந்து மாதம் வேலை செய்து, தியேட்டரில் என் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு என் அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார்.

கரகாட்டக்காரன் வாழைப்பழக் காமெடி தெரியாத தமிழர் உண்டா? அதை எழுதியவர் ஏ.வீரப்பன். கவுண்டமணி, செந்திலுக்கு அவர் எழுதியதை நாம் 1989-லிருந்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

அம்பத்தூர் தங்கச்சிக்கு இரண்டு யோசனை. ஒன்று, யாரிடமும் கதை சொல்லப் போகும் முன்னால் எழுதி, பக்க எண் போட்டு, திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு, பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 57-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது. எனக்கு இது 15 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நங்கநல்லூர்_61

தேவனைப் பற்றி ஒரு வார்த்தை. விகடனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 1957-இல் 43 வயதில் போய்விட்டார். என் பாட்டி அவருடைய 'துப்பறியும் சாம்பு'வை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்தார். என் மகள் படித்தது மயிலாப்பூர் அலையன்ஸ் போட்ட புத்தகத்தில். புத்தகம் இல்லையென்றால் பாட்டியோடு சாம்புவும் போயிருப்பார். நன்றாகக் கவனியுங்கள், இது எல்லோருக்கும் நடக்கவில்லை.

அம்பத்தூர்_53

எல்லோருக்கும் நன்றி. பதில்களை டிரெயினில் இரண்டு முறை படித்தேன்.

இப்போதைய நிலையையும் சொல்கிறேன். ஓப்பன் மைக்கில் ஒருவருக்கு நான்கைந்து நிமிஷம். நேரம் முடியப்போகும்போது பின்னாலிருந்து போன் வெளிச்சம் காட்டுவார்கள். பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்ற காமெடியன்கள். அவர்கள் சிரித்தால் அது பெரிய விஷயம். முன்னால் இந்த ஊரில் ஸ்டாண்ட்அப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பிறகு தமிழில் பேசுகிறவர்கள் பெருகினார்கள். 2019-இல் அலெக்ஸாண்டர் பாபுவின் நிகழ்ச்சி பிரைமில் வந்தபோது என் அப்பா முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அவர் பார்த்த முதல் ஸ்டாண்ட்அப் அதுதான். பாட்டும் சபாவும் சர்ச்சும் சினிமாவும் சேர்ந்த தமிழ் அது. அடுத்த வருஷம் 'காமிக்ஸ்தான்' என்ற காமெடிப் போட்டி நிகழ்ச்சி தமிழில் வந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் மேடை ஏறலாம் என்று தோன்றியது.

நிகழ்ச்சி முடிய ஒன்பதரை ஆகும். தேனாம்பேட்டையில் மெட்ரோ பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து புறநகர் ரயிலில் அம்பத்தூர். அந்த ரயிலில்தான் நான் திருத்துவது. மேற்குமாம்பலம் சார் பென்சிலால் கோடு போட்டதைப் போனில் செய்கிறேன். மேடையில் பேசியதை ரெக்கார்டு பண்ணி, காதில் மாட்டிக்கொண்டு, எங்கே சிரித்தார்கள் என்று கேட்பேன்.

சார் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. மேடையில் பேசியதற்கு என்னிடம் பிரதியே இல்லை. 60-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. பழைய போன் கெட்டபோது ஏழெட்டு மாத வேலை போய்விட்டது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வாசகர் சார், மாமியார் ஜோக், மனைவி ஜோக் பற்றி நீங்கள் நேரடியாகச் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவை வலிக்கும். ஆனால் அதற்காக அந்த மேடையை வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கூடத்துக்குள் காபி டம்ளரோடு வந்து போகும் மருமகள் என்ன நினைத்திருப்பாள் என்று எழுதத் தோன்றுகிறது. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேற்குமாம்பலம்_33

அம்மா, நீங்கள் சொன்னது சரி. என் ஏழில் ஒன்றை இன்றைக்கு மேடையேற்றச் சொன்னால் மறுத்துவிடுவேன். முழு நாடகமும் ஒரு பெண்ணின் உடல் பருமனை வைத்து எழுதியது. சபை மிகவும் சிரித்தது, அலைக்கோடு போட்டுப் போட்டு பென்சில் தேய்ந்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த பெண்மணி ஒவ்வொரு காட்சி முடிந்த பிறகும் மேக்கப் கலைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் கிளம்புவார். எனக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அது தவறு.

மற்றபடி, பிரதி இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் தரைத்தளம். மாடி வீட்டுக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனோம், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டை எடுத்தோம். டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது நான்கு நாடகங்கள் கூழாகியிருந்தன. கார்பன் பிரதி என்பதால் மை கலைந்து ஒரே நீலம். பென்சில் குறிகள் மட்டும் சில பக்கங்களில் அப்படியே இருந்தன. வசனம் இல்லை, யாரோ சிரித்ததற்கான அலைக்கோடு மட்டும் இருந்தது.

அப்புறம் பிராம்ப்ட்டர்களைத் தேடிப் போனேன். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரிடம் தனிப்பிரதி இருக்கும். இருவர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் வீட்டில் பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம் என்றார்கள். இன்னொருவரின் மனைவி ஒரு பையை எடுத்துவந்தார், அதில் என் நாடகம் ஒன்று முழுசாக இருந்தது. அதனால் கையில் இருப்பது மொத்தம் நான்கு. மூன்று போனது போனதுதான். அதில் ஒன்று நான் எழுதியதிலேயே நல்லது. முதல் அங்கம் மட்டும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். கதை வந்தது, வசனம் வரவில்லை.

வாசகர் சார், மறுபடி படிக்க முடிவதுதான் இலக்கியம் என்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மறுபடி படிக்கப் பிரதி வேண்டுமே? இந்த ஊரில் மேடையேறிய நகைச்சுவை நாடகங்களில் எத்தனை அச்சில் வந்தன? எங்களில் பலரும் அச்சிடுவதற்கு என்று எழுதவே இல்லை. பதிப்பாளர்களும் நாடகம் விற்காது என்று எடுக்கவில்லை. படிக்கவே கிடைக்காத ஒன்றை நிற்காது என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

கோட்டூர்புரம்_வாசகர்

சார், மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. நான் நாடகத்தைப் பார்த்தவன், படித்தவன் இல்லை. பார்த்ததை வைத்துப் படைப்பை எடைபோட்டது என் தவறுதான்.

கூடவே இன்னொன்றும். இலக்கியப் பக்கத்தில் நாங்கள் செய்யத் தவறிய வேலை ஒன்று இருக்கிறது. ஆழ்வார்ப்பேட்டை அம்புஜம்மாள் தெரு காந்தி நிலையத்தில் இலக்கியச் சிந்தனை கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். 1970-லிருந்து மாதத்தின் சிறந்த சிறுகதையைத் தேர்ந்தெடுத்து, ஏன் சிறந்தது என்று ஒருவர் எழுந்து நின்று விளக்கும் மரபு அவர்களுடையது. சிறுகதை வளர அந்தப் பேச்சும் ஒரு காரணம். ஒரு நகைச்சுவைக் கட்டுரையை அப்படிப் பிரித்துப் பேசி நான் எங்கும் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இரண்டு வெற்றுச் சொல் போடும் விஷயத்தை ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் நான் எத்தனையோ வருஷம் முன்பே வேறு மாதிரி பார்த்திருப்பேன். கல்கிக்கு சாகித்ய அகாதெமி கிடைத்தது கூட அலை ஓசை என்ற கனமான நாவலுக்குத்தான். விகடனில் அவர் எழுதிய முதல் கட்டுரை நகைச்சுவைக் கட்டுரை என்பதை யாரும் நினைவில் வைக்கவில்லை.

சிலேடை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அதைப் பிறகு சண்டை போடலாம்.

செய்யக்கூடியது ஒன்று தோன்றுகிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாப்பதே அவர்கள் வேலை. அங்கே போய் இப்படிப்பட்ட பிரதிகளை எப்படிக் கொடுக்கலாம் என்று நான் நேரில் விசாரிக்கிறேன். திருவல்லிக்கேணி சாரின் துணுக்குகளையும் பழைய இதழ்களில் தேடிப் பட்டியல் போடலாம். எந்த வருஷம் என்று தோராயமாகச் சொன்னால் போதும் சார். நான் ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது.

திருவல்லிக்கேணி_5

1983 முதல் 1991 வரை. பெரும்பாலும் தீபாவளி மலரை ஒட்டிய வாரங்களில் அதிகம் வந்திருக்கும். தனிச்செய்தியில் பெயர் அனுப்புகிறேன். கண் கலங்குகிறது சார்.

அம்பத்தூர்_53

மேற்குமாம்பலம் சார், உங்களிடம் இருக்கும் நான்கு நாடகங்களையும் நான் தட்டச்சு செய்து தருகிறேன். வேகமாக அடிப்பேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பென்சில் குறிகளோடு அடிக்க அனுமதி கொடுங்கள். எந்த வசனத்துக்கு எங்கே சிரித்தார்கள் என்பதும் பிரதியில் இருக்கட்டும். எனக்கு அதுதான் பாடம்.

என் ஒலிப்பதிவுகளையும் எழுத்தாக்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை மூன்று முடிந்தது. தாளில் பார்த்தால் பல இடங்களில் தேவையில்லாத வார்த்தை நிறைய இருக்கிறது.

மேற்குமாம்பலம்_33

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் அம்மா. வீடு இப்போது இரண்டாவது மாடியில். தாள்கள் மடிப்பில் உடைகின்றன, அதனால் எடுத்துக்கொண்டு போக முடியாது. இங்கேயே உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். ஜன்னல் பக்கம் மேஜை போட்டு வைக்கிறேன், வெளிச்சம் நன்றாக இருக்கும். வாசகர் சார், நீங்களும் வருவதென்றால் சொல்லுங்கள், சிலேடைச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அலைக்கோடு எது, சுழி எது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், சில இடங்களில் எனக்கே மங்கலாகத்தான் தெரிகிறது.